தூசிக்குள் கிடந்த நீலக் கார்

"ஐயா, ஒரு பழைய காருக்கு ஆறு கோடி வெள்ளி கொடுப்பார்களா?"

எங்கள் தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் ஆண்டு படிக்கும் பையன் ஒருவன் இப்படிக் கேட்டான். கணக்குப் பாடம் நடந்துகொண்டிருந்த நேரம். அண்ணனின் கைப்பேசியில் ஏதோ படம் பார்த்துவிட்டு வந்திருக்கிறான். வகுப்பே கொல்லென்று சிரித்தது. "ஆறு கோடிக்கு நம் தோட்டத்தையே வாங்கலாமே" என்றாள் ஒரு சிறுமி.

நானும் சிரித்திருப்பேன். ஆனால் கேட்டவன் யார் என்று பார்த்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது. கணக்கில் பின்தங்கியவன், வகுப்பில் வாயே திறக்காதவன் அவன். ஆனால் கையில் ஒரு பழைய மைலோ டின்னைக் கொடுத்துவிட்டால் போதும், மறுநாள் அதை லோரியாக்கிக் கொண்டுவந்துவிடுவான். அந்த லோரிக்குக் கதவு திறக்கும், பின்பலகை இறங்கும். அவன் கேட்ட கேள்விக்கு ஒழுங்கான பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. வீட்டுக்குப் போய்ப் படித்துப் பார்த்தேன். அந்தப் பதில்தான் இந்தக் கட்டுரை. அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

கொட்டகையில் ஒரு புதையல்

பிரான்சு நாட்டின் மேற்குப் பகுதியில் ஒரு பண்ணை. 2014ஆம் ஆண்டில், பாரிஸ் நகரத்து ஏல நிறுவனமான ஆர்க்யூரியாலைச் சேர்ந்தவர்கள் அங்கே அழைக்கப்பட்டார்கள். போய்ப் பார்த்தவர்களுக்குக் கண்ணை நம்ப முடியவில்லை. தகரக் கூரை போட்ட கொட்டகைகளில் வரிசை வரிசையாகப் பழைய கார்கள். சில கார்களின் மேல் கொடி படர்ந்திருந்தது. சில கார்கள் துருப்பிடித்து, இரும்பா மண்ணா என்று தெரியாத நிலையில் கிடந்தன. மொத்தம் அறுபது கார்கள் அளவில் இருந்தன.

அங்கே மூடிய கொட்டகை ஒன்றும் இருந்தது. அதற்குள் ஒரு கார் நின்றது. அதன் மேல் பழைய சஞ்சிகைகளைக் கட்டுக் கட்டாக அடுக்கி வைத்திருந்தார்கள். நம் வீட்டில் பழைய பத்திரிகைகளை அலமாரி மேல் போட்டு வைப்பதில்லையா, அதைப் போலத்தான். கட்டுகளை எடுத்துவிட்டுப் பார்த்தால், தடித்த தூசிக்குக் கீழே கருநீல நிறத்தில் இத்தாலி நாட்டுக் கார் ஒன்று. 1961ஆம் ஆண்டில் செய்யப்பட்ட ஃபெராரி 250 ஜி.டி. கலிபோர்னியா ஸ்பைடர்.

ஸ்பைடர் என்றால் இரண்டு பேர் உட்காரும் திறந்த கார். மழை வந்தால் துணிக்கூரையை இழுத்து மூடிக்கொள்ளலாம். வெயிலும் காற்றும் வேண்டுமென்றால் மடித்து வைத்துவிடலாம். இந்தக் குறிப்பிட்ட கார் 1960களில் புகழ்பெற்ற பிரெஞ்சு நடிகர் அலென் தெலோனிடம் இருந்தது. அவர் அதில் உட்கார்ந்திருக்கும் படங்கள் அந்தக் காலத்துப் பத்திரிகைகளில் வந்திருக்கின்றன.

நடிகரின் கார் பண்ணைக் கொட்டகைக்கு எப்படி வந்தது? ரோஜே பயோன் என்பவர் லோரிப் போக்குவரத்துத் தொழில் நடத்தியவர். கார் மேல் தீராத ஆசை கொண்டவர். 1947இல் தாமே ஒரு காரை வடிவமைத்துச் செய்து பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் வைத்தார். பிற்பாடு, கவனிப்பாரற்றுப் போன பழைய கார்களை ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தார். எல்லாவற்றையும் சீர்செய்து ஒரு பொருட்காட்சி சாலை அமைக்க வேண்டும் என்பது அவருடைய கனவு. ஆனால் 1970களில் தொழில் நொடித்தது. சேர்த்த கார்களில் ஒரு பகுதியைக் கடனுக்காக விற்க நேர்ந்தது. மிச்சம் இருந்தவை அப்படியே கொட்டகையில் தங்கிவிட்டன. ஆண்டுகள் போயின, அவரும் போனார். அவருடைய குடும்பத்தினர்தான் ஏலக்காரர்களை அழைத்தார்கள்.

ஏலத்தில் என்ன நடந்தது?

2015ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் நாள், பாரிசில் ரெத்ரோமொபில் என்ற பழைய கார்க் கண்காட்சியில் ஏலம் நடந்தது. 59 கார்கள் ஏலத்துக்கு வந்தன. கார்களைக் கழுவித் துடைத்துப் பளபளப்பாக்கி வைத்திருப்பார்கள் என்றுதானே நினைப்போம்? இல்லை. கண்டெடுத்தபோது எப்படி இருந்தனவோ, அந்தத் தூசியோடும் துருவோடும் அப்படியே கொண்டுவந்து நிறுத்தினார்கள். அதற்கு ஒரு காரணம் உண்டு, பின்னால் சொல்கிறேன்.

நீல ஃபெராரிக்கு ஏல நிறுவனம் முன்கூட்டியே போட்ட மதிப்பு 95 இலட்சம் முதல் 1 கோடியே 20 இலட்சம் யூரோ வரை. கடைசியில் அது போன விலை, கட்டணங்கள் உள்பட, 1 கோடியே 62 இலட்சத்து 88 ஆயிரம் யூரோ. அன்றைய மாற்று மதிப்பில் நம் பணத்துக்கு 6 கோடி வெள்ளிக்கு மேல். 59 கார்களும் சேர்ந்து 2 கோடியே 50 இலட்சம் யூரோவுக்கு மேல் ஈட்டின என்றால், அதில் மூன்றில் இரண்டு பங்கை நெருங்கிய தொகை இந்த ஒரே காருக்குப் போனது.

ஆக, பையன் கேட்டது பொய்யில்லை. கொடுத்தார்கள். இனி, ஏன் கொடுத்தார்கள் என்ற கேள்விதான் மிச்சம்.

நடிகர் வைத்திருந்த கார் என்பது ஒரு காரணம். ஆனால் அது மட்டும் இவ்வளவு பணத்தை இழுத்து வந்துவிடாது. இதே வகைக் கார்கள் வேறு ஏலங்களிலும் பெரிய விலைக்குப் போயிருக்கின்றன. 2008இல் இத்தாலியின் மரனெல்லோ ஊரில், அமெரிக்க நடிகர் ஜேம்ஸ் கோபர்னிடம் முன்பு இருந்த ஒரு கலிபோர்னியா ஸ்பைடர் 70 இலட்சத்து 40 ஆயிரம் யூரோவுக்கு விற்றது. எஞ்சினும் ஒரு காரணம். 12 சிலிண்டர்கள், ஒவ்வொன்றின் கொள்ளளவும் ஏறத்தாழ 250 கன சென்டிமீட்டர். அதனால்தான் காரின் பெயரிலேயே 250 என்ற எண் இருக்கிறது. ஆனால் அதே எஞ்சின் அந்த நிறுவனத்தின் வேறு பல கார்களிலும் ஓடியது. அவையெல்லாம் இந்த விலைக்குப் போகவில்லை.

காரின் உடம்பைப் பார்க்க வேண்டும். அது இயந்திரத்தில் அச்சுக் குத்தி எடுத்த உடம்பு அல்ல. மனிதக் கை தட்டி எடுத்த உடம்பு.

உடம்பு தனி, சட்டம் தனி

இன்றைக்கு நாம் பார்க்கும் கார்களைப் பெரிய ஆலையில் செய்கிறார்கள். இரும்புத் தகட்டை அச்சுக்குள் வைத்து ஒரே அழுத்தாக அழுத்தினால் ஒரு கதவு வந்து விழும். அடுத்த கதவும் அப்படியே இருக்கும். ஆயிரம் கதவுகளுக்குள் வேறுபாடு காண முடியாது.

அந்தக் காலத்து இத்தாலியில் வேறொரு முறையும் இருந்தது. கார் நிறுவனம் சட்டத்தையும் எஞ்சினையும் சக்கரங்களையும் மட்டும் செய்யும். மேலே போர்த்தும் உடம்பைச் செய்வதற்கென்று தனிப் பட்டறைகள் இருந்தன. அவற்றை இத்தாலியர் 'கரொத்செரியா' என்பார்கள். குதிரை வண்டிக்குக் கூண்டு கட்டிய தொழிலிலிருந்து வளர்ந்தது இது. மாட்டு வண்டிக்குச் சக்கரமும் அச்சும் ஓரிடத்தில் செய்து, கூண்டை இன்னோர் ஆசாரியிடம் கட்டிக்கொள்வதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம் நீலக் காரின் கதையும் அப்படித்தான். அதன் சட்டமும் எஞ்சினும் மரனெல்லோ ஊரிலுள்ள ஃபெராரி ஆலையைச் சேர்ந்தவை. அதன் வடிவம் தூரின் நகரத்துப் பினின்ஃபரினா நிறுவனத்தில் பிறந்தது. அந்த வடிவத்தை உலோகத்தில் தட்டி எடுத்தது மோதெனா நகரத்தில் ஸ்காலியெத்தி என்பவரின் பட்டறை.

இந்த வகைக் கார்கள் 1950களின் கடைசியிலிருந்து 1960களின் தொடக்கம் வரை மொத்தமே 106 தான் செய்யப்பட்டன. அவற்றில் 50 கார்கள் நீளமான சட்டத்தில் அமைந்தவை. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 2,600 மில்லிமீட்டர். 56 கார்கள் குட்டைச் சட்டத்தில் அமைந்தவை. இடைவெளி 2,400 மில்லிமீட்டர். நீலக் கார் குட்டைச் சட்டத்து வகை. 106 கார்களுக்காக யாரும் பெரும் செலவில் இரும்பு அச்சுச் செய்யமாட்டார்கள். ஆகவே சுத்தியலை எடுத்துத் தட்டினார்கள்.

தட்டுகிற வேலை

எப்படித் தட்டுவார்கள்? காரின் வடிவத்துக்கு மரத்திலோ இரும்புக் கம்பியிலோ ஒரு மாதிரிக் கூடு செய்துகொள்வார்கள். தகட்டை வெட்டி, தோல் பையில் மணலை நிரப்பி, அந்தப் பையின் மேல் தகட்டை வைத்து மரச் சுத்தியலால் தட்டுவார்கள். மணல் விட்டுக்கொடுக்கும், தகடு குழியும். குழிந்த தகட்டைக் கூட்டின் மேல் வைத்துப் பார்ப்பார்கள். பொருந்தாவிட்டால் மறுபடியும் தட்டுவார்கள். இப்படிப் பல துண்டுகளைத் தட்டி, பற்றவைத்து, அராவி, வழவழப்பாக்கி ஒரே உடம்பாகச் செய்வார்கள்.

கலிபோர்னியா ஸ்பைடர் கார்களில் பெரும்பாலானவற்றின் உடம்பு எஃகு. கதவு, எஞ்சின் மூடி, பின்மூடி ஆகியவை அலுமினியம். முழு உடம்பும் அலுமினியமாகச் செய்யப்பட்டவை வெகு சில. அலுமினியம் தட்டுவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தட்டத் தட்ட அது விறைத்துப் போகும். அதற்கு மேல் தட்டினால் வெடிக்கும். ஆகவே இடையில் சூடாக்கி இளக்க வேண்டும். இரும்பு என்றால் சூடேறும்போது சிவக்கும். கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். அலுமினியம் சிவக்காது. ஒரு கணம் கூடுதலாகச் சுட்டால் உருகி ஓட்டை விழுந்துவிடும். இதற்குத் தகடு தட்டுவோர் கண்ட வழி என்ன தெரியுமா? தகட்டின் மேல் சாதாரணச் சோப்பைத் தேய்த்துவிடுவார்கள். சோப்புப் பழுப்பேறிக் கருகினால் சூடு போதும் என்று அர்த்தம்.

நம் தாத்தா பாட்டிமார் பால்மரம் சீவியபோது, பட்டையை எவ்வளவு மெல்லியதாகச் சீவ வேண்டும் என்று யாரும் அளவுகோல் வைத்துப் பார்க்கவில்லை. கொஞ்சம் ஆழம் குறைந்தால் பால் வராது. கொஞ்சம் கூடினால் மரத்துக்குக் காயம். விடியற்காலை இருட்டில் தலை விளக்கு வெளிச்சத்தில் கை தானாக அந்த ஆழத்தை அறிந்தது. தோட்டத்தில் செம்பனை வந்தபிறகு பிறந்த பிள்ளைகளுக்கு இது தெரியாது. வீட்டிலுள்ள பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள்.

கையால் செய்ததால் இரண்டு கார்கள் அச்சு வார்த்தது போல் ஒன்றாக இரா. ஒரே காரின் இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் அளந்தால்கூடச் சில மில்லிமீட்டர் வேறுபடும். ஒரு காரின் கதவைக் கழற்றி இன்னொரு காரில் மாட்டினால் அப்படியே பொருந்திவிடாது. இயந்திரத்துக்குக் குறை என்று தோன்றுவது இங்கே அடையாளம். தட்டிய கை அதில் தெரிகிறது.

பதின்மூன்று வயதில் பட்டறைக்குப் போனவர்

அந்தப் பட்டறைக்காரர் செர்ஜியோ ஸ்காலியெத்தி. 1920இல் மோதெனாவில் பிறந்தவர். அவருக்குப் பதின்மூன்று வயதானபோது தந்தை இறந்துவிட்டார். குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டும். பள்ளியை விட்டுவிட்டுக் கார் உடம்பு செய்யும் பட்டறையில் கையாளாகச் சேர்ந்தார். பின்னர் சொந்தப் பட்டறை. ஃபெராரி ஆலையின் நொறுங்கிய வண்டிகளைச் சீர்செய்துகொடுக்கத் தொடங்கினார். அவருடைய வேலையைப் பார்த்து என்சோ ஃபெராரிக்கு நம்பிக்கை பிறந்தது. 1950களில் ஃபெராரியின் பந்தயக் கார்களுக்கு உடம்பு செய்யும் பொறுப்பு அவர் பட்டறைக்கு வந்தது. வரைபடத்தைவிடத் தம் கண்ணையே அதிகம் நம்பியவர் என்று அவரைச் சொல்வார்கள். 2004இல் ஃபெராரி நிறுவனம் வெளியிட்ட ஒரு காருக்கு அவர் பெயரையே வைத்தது. 2011இல் தமது 91ஆம் வயதில் காலமானார்.

வடிவம் வரைந்த பினின்ஃபரினா நிறுவனத்தை 1930இல் தொடங்கிய பத்திஸ்தா ஃபரினாவின் கதையும் ஏறத்தாழ இதுதான். பதினொரு பிள்ளைகளில் பத்தாமவர். 'பினின்' என்றால் அவர்கள் ஊர்ப் பேச்சில் சின்னவன் என்று பொருள். சிறுவயதிலேயே அண்ணனின் பட்டறைக்கு வேலைக்குப் போனார். பிற்காலத்தில் அவர் நிறுவனம் உடம்பு அமைத்த சிசித்தாலியா என்ற காரை நியூயார்க் நவீனக் கலைப் பொருட்காட்சி சாலை 1951இல், கலைப் பொருளென்று காட்சிக்கு வைத்தது. 1961இல், வீட்டில் கூப்பிட்ட பட்டப்பெயரையும் சேர்த்துத் தம் குடும்பப் பெயரை 'பினின்ஃபரினா' என்று மாற்றிக்கொள்ள இத்தாலியக் குடியரசுத் தலைவரின் ஆணையே கிடைத்தது.

ஆனால் அந்தத் தொழில் நிலைக்கவில்லை. காரின் சட்டமும் உடம்பும் ஒன்றாக வார்க்கப்படும் காலம் வந்தது. தனிச் சட்டம் இல்லை என்றால் தனி உடம்பு போர்த்த ஏது வழி? பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. மிலான் நகரத்தின் புகழ்பெற்ற தூரிங் பட்டறை 1966இல் மூடப்பட்டது. ஸ்காலியெத்தியின் பட்டறை பெரிய நிறுவனத்தின் கைக்குப் போனது. பினின்ஃபரினாவைக்கூட 2016இல் இந்தியாவின் மகிந்திரா நிறுவனம் வாங்கிக்கொண்டது. பால்மரத்தை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டபோது சீவுளிக் கத்திகள் பரணுக்குப் போனதைப் பார்த்தவர்கள் நாம். அந்தப் பட்டறைக்காரர்களின் மனத்தை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

வாங்குகிறவர் எதைப் பார்ப்பார்?

இப்படிப்பட்ட கார் விலைக்கு வந்தால், வாங்குகிறவர் பளபளப்பைப் பார்த்து மயங்குவதில்லை. முதலில் எண்ணைப் பார்ப்பார். சட்டத்தில் ஓர் எண் குத்தப்பட்டிருக்கும். எஞ்சினிலும் எண் இருக்கும். இரண்டும் ஆலையின் பழைய ஏட்டோடு ஒத்துப்போக வேண்டும். கையால் செய்த உடம்பில், மூடிகளின் உட்புறத்திலும் எண் குத்தியிருப்பார்கள். எந்தக் கதவு எந்த வண்டிக்கு என்று தெரிய வேண்டுமல்லவா? அதற்காக. பிறகு, முதல் சொந்தக்காரரிலிருந்து இன்றுவரை யார் யார் கைக்குப் போனது என்பதற்குக் காகிதச் சான்று வேண்டும். ஃபெராரி நிறுவனமே பழைய கார்களைச் சோதித்துச் சான்றிதழ் தரும் பிரிவு ஒன்றை வைத்திருக்கிறது.

இவ்வளவு எச்சரிக்கை எதற்கு? போலிகள் உண்டு. விலை குறைந்த, மூடிய கூரையுள்ள பழைய ஃபெராரிகளை வாங்கி, உடம்பைக் களைந்துவிட்டுக் கலிபோர்னியா ஸ்பைடர் போல் புது உடம்பு போர்த்திவிடுகிறார்கள். 1986இல் வெளிவந்த ஓர் ஆங்கிலப் படத்தில் இந்தக் கார் ஒன்று கண்ணாடிச் சுவரை உடைத்துக்கொண்டு பள்ளத்தில் விழும். பார்த்தவர்கள் பதறிப்போனார்கள். விழுந்தது அசல் அல்ல. கண்ணாடி இழையில் செய்த நகல்.

ஏலக்காரர்கள் தூசியைத் துடைக்காமல் நிறுத்திய காரணமும் இதுதான். ஐம்பது ஆண்டுக்கு முன் பூசிய சாயம், தேய்ந்த இருக்கை, அடிக்கடி பிடித்த இடத்தில் மங்கிப்போன கைப்பிடி, இவையெல்லாம் சாட்சிகள். ஒருமுறை சுரண்டிப் புதுச்சாயம் பூசிவிட்டால் அந்தச் சாட்சிகளை மறுபடி அழைக்க முடியாது. புதுப்பிக்க எப்போது வேண்டுமானாலும் முடியும். பழையதாக ஒரு தடவைதான் இருக்க முடியும். பாட்டி விட்டுப்போன பித்தளைக் குத்துவிளக்கையோ அட்டியலையோ, "பழசு, மாற்றிக்கொள்ளுங்கள்" என்று வீடு தேடி வருகிறவரிடம் கொடுக்கும் முன் இதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். எல்லாப் பழையதும் கோடி பெறாது. அந்தக் கொட்டகையில் துருவாய்ப் போன கார்களே அதற்குச் சாட்சி. ஆனால் கையில் இருப்பது என்ன என்று தெரியாமல் விடுவது நட்டம்.

தகப்பனார் கேட்டது

இதையெல்லாம் வகுப்பில் சொன்னேன். அன்றைய கணக்குப் பாடத்தையும் அதிலேயே வைத்தேன். 50ஐயும் 56ஐயும் கூட்டு. 2,600இலிருந்து 2,400ஐக் கழி. அந்தப் பையன்தான் முதலில் கையைத் தூக்கினான். "106 கார், ஐயா. குட்டைக் கார் 200 மில்லிமீட்டர் குறைச்சல்." வகுப்பு அவனைத் திரும்பிப் பார்த்தது. இத்தனை நாள் எண்களை எண்களாகவே கொடுத்துக்கொண்டிருந்தது என் தவறு என்று அப்போது எனக்கு உறைத்தது.

அந்த வாரக் கடைசியில் அவனுடைய தகப்பனார் என்னைப் பார்க்க வந்தார். செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுபவர்.

"வாத்தியாரே, பையன் வீட்டிலே ஒரே கார்க் கதை. அந்த ஆள் பதின்மூணு வயசிலே பட்டறைக்குப் போய்ப் பெரிய ஆளாயிட்டாராமே. இவனுக்கும் படிப்பு ஏறலே. ஆறாவது முடிஞ்சதும் டவுன்லே கார் தட்டுற பட்டறையிலே விட்டுடலாமான்னு பார்க்கிறேன். நீங்க என்ன சொல்றீங்க?"

எனக்குத் திக்கென்றது. நான் சொன்ன கதை என்னையே சுற்றிக்கொண்டு வந்துவிட்டது.

"அண்ணே, அவர் பதின்மூணு வயசிலே விரும்பிப் போகலே. அப்பா செத்துப்போயிட்டார், வேற வழியில்லே. உங்க பையனுக்கு அப்பா இருக்கீங்க. அதுதான் வித்தியாசம்" என்றேன்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. நான் தொடர்ந்தேன். அந்த நீலக் காரைத் தட்டியது ஸ்காலியெத்தி ஒருவர் மட்டும் அல்ல. அவர் பட்டறையில் வேலை செய்த பலர் தட்டினார்கள். காரின் மூக்கில் ஃபெராரியின் முத்திரை இருக்கிறது. தட்டியவர்கள் தகட்டின் உட்புறத்தில் எண்ணைக் குத்தினார்கள். தங்கள் பெயரைப் பொறிக்கவில்லை. 6 கோடி வெள்ளியில் ஒரு காசும் அவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. கைவேலை உயர்ந்ததுதான், சந்தேகமே இல்லை. ஆனால் கைவேலை மட்டும் தெரிந்து, எழுத்தும் கணக்கும் சட்டமும் தெரியாவிட்டால், வேலை நம்முடையதாகவும் விலை மற்றவருடையதாகவும் போய்விடும். பரம்பரை பரம்பரையாகத் தோட்டத்தில் உழைத்த நமக்கு இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

"அப்ப என்னதான் செய்யறது?"

"படிக்கட்டும். இடைநிலைப் பள்ளிக்குப் போகட்டும். மூன்றாம் படிவம் முடிச்சதும் தொழிற்கல்லூரிக்கு மனுப் போடலாம். அங்கே கார் வேலையையே பாடமாச் சொல்லிக்கொடுக்கிறாங்க, சான்றிதழும் தர்றாங்க. அதுவரைக்கும் பள்ளி விடுமுறையிலே உங்களோட லோரிக்குக் கீழே படுத்துப் பார்க்கட்டும். கையும் வளரட்டும், தலையும் வளரட்டும்."

அவர் உடனே ஒப்புக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன். "யோசிக்கிறேன் வாத்தியாரே" என்று சொல்லிவிட்டுப் போனார். வீட்டில் இன்னும் மூன்று பிள்ளைகள். அவருடைய கணக்கும் எனக்குப் புரியாமல் இல்லை.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை தேர்வில் முதலாவதாக வராமல் இருக்கலாம். ஆனால் அவன் கை எதைத் தொட்டால் உயிர் பெறுகிறது என்று ஒரு நாளாவது உட்கார்ந்து பாருங்கள். தகரமோ, மரமோ, துணியோ, மாவோ, எதுவாகவும் இருக்கட்டும். அதைக் கண்டுபிடித்தபின், பள்ளியை நிறுத்தக் கிடைத்த காரணமாக அதை எண்ணாதீர்கள். பள்ளிக்குத் தொடர்ந்து அனுப்பக் கிடைத்த காரணமாக எண்ணுங்கள்.

திங்கட்கிழமை அந்தப் பையன் ஒரு புது வண்டி செய்து கொண்டுவந்தான். இம்முறை லோரி அல்ல. கூரை இல்லாத கார். பழைய குடைத் துணியில் ஒரு மடிப்புக்கூரைகூட வைத்திருந்தான். கொடுத்துவிட்டு ஓடப் பார்த்தான், நிறுத்தினேன். மேசையிலிருந்து ஓர் ஆணியை எடுத்துக் கையில் கொடுத்து, அடியில் அவன் பெயரையும் தேதியையும் கீறச் சொன்னேன். நாக்கைக் கடித்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகக் கீறினான். அந்தக் கார் இப்போது எங்கள் வகுப்பு அலமாரி மேல் இருக்கிறது. வாரத்துக்கு ஒரு முறை அவனே அதைத் துடைத்து வைக்கிறான்.